கலற்றவும்

செவ்வாய்க்கிழமை. போயா இல்லை, விரதம் இல்லை,
அச்சகத்தில் மின்சாரமும் இல்லை.
முப்பத்தொரு வருடம் இந்த மேட்டின் காலடியில்
பஸ் ஏறி இறங்கியிருக்கிறேன்.
மேலே போவதற்கு ஒரு காரணம் வந்ததில்லை.
போகாமல் இருப்பதற்கு இருந்தது.

சோமலதா பூத்தட்டை நீட்டினாள்.
ஐந்து நீல அல்லி,
இதழ்களைப் பின்னுக்கு மடித்து
உள்ளங்கையில் தட்டித் திறந்தவை.
படிகள் தொண்ணூற்றிரண்டு. எண்ணினேன்;
எண்ணுவது என் தொழில் வியாதி.
வரிகளை, புள்ளிகளை, விட்டுப்போன ஒற்றுகளை.

கடைசிப் படியில் அந்தப் பலகை.
சிங்களம் மேலே, வட்ட வட்டமாய், பிசகில்லாமல்.
ஆங்கிலம் கீழே.
நடுவில் நாங்கள்:
"பாதனிகளைக் கலற்றவும்."

கைப்பைக்குள் சிவப்புப் பேனாவின் மூடி
தானாகக் கழன்றதுபோல இருந்தது.
கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல்,
தேர்தல் துண்டுப்பிரசுரம் என்று
இருபத்தாறு வருடம் ஆமர் வீதியில்
இந்த ழகரத்துக்குத்தான் காவல் இருந்தேன்.
சரி, போகட்டும்.
கழற்றவில்லை,
கலற்றினேன்.

கல் சுட்டது. தாதுகோபத்தின் வெள்ளை
கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது.
உள்ளே எண்ணெய் வாசம்.
பூவை வைத்த பிறகு கைகளை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
பழக்கத்தில் வாய் ஏதோ தேவாரத்தைத் தொடங்கி
இரண்டாவது அடியில் நின்றது.
படுத்திருந்தவர் கண் திறக்கவில்லை.

அரச மரத்துக்குப் பின்னால் ஒரு கட்டைச் சுவர்.
அதற்குக் கீழே கொழும்பு,
மை காயாத முதல் புரூஃப் மாதிரி.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்,
தேவாலயத்தின் கும்மட்டம், கோயில் கோபுரம்,
ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு.
எங்கள் தொடர்மாடியும் தெரிந்தது, நாலாம் தட்டும்,
காலையில் நான் காயப்போட்ட
மாங்காய்ப் பச்சைச் சேலையும்.

அப்படியென்றால்
அந்த யூலையிலும் இங்கிருந்து தெரிந்திருக்கும்.
அப்போது எங்கள் வீடு வேறு தெரு.
அந்த இடமும் தெரிகிறது, இப்போது டயர்க் கடை.
எந்த ஒழுங்கையில் எத்தனை புகை என்று
இந்தச் சுவரில் சாய்ந்து யாரோ எண்ணியிருப்பார்கள்.
யாரோ தொண்ணூற்றிரண்டு படியும்
கீழே ஓடி வந்திருப்பார்கள்.
யாரோ ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள்.
மூன்று பேரும் ஒருவராகவும் இருக்கலாம்.
இதற்கு ஓரக்குறி எதுவும் எனக்குத் தெரியாது.

"மிஸ், பலகையைக் கனநேரம் பார்த்தீங்க."
ஈர்க்குமாற்றோடு விமலதாச.
அவர்தான் எழுதினாராம்.
கந்தோர் அனுப்பிய கடதாசியைப் பார்த்து,
ஒரு எழுத்தும் விளங்காமல், மூன்று நாள்,
கோடு போட்டு, மூச்சை அடக்கி.

"லஸ்ஸனய்" என்றேன்.
பொய்யில்லை. வளைவுகள் அப்படி.
அழகு என்று சொல்லியிருந்தால்
இடையில் அந்த எழுத்து வந்திருக்கும்.

அவர் சிரிக்கவில்லை.
"போன மாதம் ஒரு மாத்தயா பிழை என்றார்,
எங்கே என்று சொல்லாமல் போய்விட்டார்.
அன்றிலிருந்து நித்திரை இல்லை."
தூபக்காலிலிருந்து ஆறிய கரி ஒன்றை எடுத்து
என் கையில் வைத்தார்.

ல-வின் மேல் ழ எழுதினேன்.
"ல" என்றார், விரலால் தொட்டு.
"ழ."
"ல."
பரவாயில்லை, எங்கள் முதலாளிக்கும்
அப்படித்தான் வரும்.

அடுத்தது ன, அது ண ஆகவேண்டும்.
கையைத் தூக்கிய நேரம்
முகத்துவாரப் பக்கமிருந்து கறுத்து வந்தது மழை.
சேலை!
கரியை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

சந்தியில் தார் வீதி குளிர்ந்து தொட்டபோதுதான்
கால்களைப் பார்த்தேன்.
சோமலதா பூத்தட்டுகளைப் பொலித்தீனால் மூடிக்கொண்டே
வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.
மேலே, அந்தப் பலகையடியில்,
என் பாதனிகள்,
இன்னும் இரண்டு சுழி ன-வோடு,
நனைந்துகொண்டு.