மைனஸ் எண்பது

யஷ்வந்த்பூரில், மூன்றாம் மாடி உறைபெட்டியில்
என் கையெழுத்தோடு நானூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்.
மூன்று வருஷம்.

விசாரணைக் குழுவில் ஐந்து பேர்.
பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்கள்:
இரவு ஒன்பது மணிக்கு அங்கே என்ன வேலை?

அந்த நேரத்தில்தான் என் செல்களுக்குப் பசிக்கும், மேடம்.

ஒருவர் சிரித்தார்.
குறிப்பெடுத்தவர் அதை எழுதவில்லை.

பேராசிரியர் இருந்த அறையிலேயே இருக்கிறார்.
எனக்கு வேறு ஆய்வகம், வேறு தலைப்பு.
உதவித்தொகைப் படிவத்தில் மட்டும்
இந்த மாதமும் அவர் கையெழுத்து வேண்டும்.

நேற்று சிஞ்சனா கூப்பிட்டாள்,
என் இடத்துக்குப் புதிதாய் வந்தவள்.
அக்கா, பனி ஏறி உங்க பேரெல்லாம் அழியுது,
மறுபடி எழுதி வைக்கட்டுமா?

எழுது என்றேன்.
அப்புறம்தான் உறைத்தது,
மணி ஒன்பதரை.

கூட யாரும்மா இருக்கா?