மூன்றாவது காய்

தோணித்துறையில் டவர் பாதி,
போட்டில் இஞ்சின் சத்தம் மீதி.
நடுவே சவேரியான் கத்துகிறான்:
"போனைப் பக்கத்துல வச்சுத் தட்டு."

ஜெனிட்டா துப்பிய தர்பூசணி விதை.
அடிகுழாய் ஒழுகும் ஈரத்தில் முளைத்து
ஓலை வேலிக்கு வெளியே ஓடி
மணலில் மூன்று காய் வைத்தது.

முதலாவதை அறுத்தவன் அவன்தான்.
"டொம்முங்குது, பழுத்திருச்சு" என்றான்,
முதலாளியிடம் இஞ்சினைப் பற்றிச் சொல்வதுபோல.
உள்ளே சுண்ணாம்புச் சுவர்.
ஆட்டுக்குப் போட்டோம்.
ஆடும் யோசித்தது.

இரண்டாவதற்குக் காத்திருந்தோம், ரொம்பவே.
வாயில் ஈரத்துணி.

இது மூன்றாவது.
தட்டுகிறேன்.
"கேக்குதா?"
"திரும்ப..."
தட்டுகிறேன்.
"இன்னும் கொஞ்சம் ஓங்கி..."
அவ்வளவுதான்.
தீவைத் தாண்டியிருப்பான்.
இனி அவன் போன் சிலோன் டவருக்குச் சொந்தம்.

எனக்குக் காதை நம்பிப் பழக்கமில்லை.
பத்து வருசமாய் மரிக்கொழுந்துப் பாசிக்கு மூழ்குகிறேன்.
தண்ணீருக்குள் சத்தம்
எல்லாப் பக்கமும் இருந்து ஒன்றாக வரும்.
எது பாசி, எது பாறையின் பல் என்று
துணி சுற்றிய விரல்தான் சொல்லும்.

குனிந்து பார்த்தேன்.
காம்பை ஒட்டிய சுருள்
நேற்று பச்சை, இன்று பாதி கருவாடு.
மெல்லப் புரட்டினால்
மணலில் படுத்த வயிறு
காரல்மீன் வெள்ளையைத் தாண்டியிருக்கிறது,
நெய் நிறத்துக்கு வரவில்லை.
நகம் வைத்தேன், இறங்கியது.

படுத்துக்கோ என்றேன்.
கிடந்த பள்ளத்திலேயே திரும்ப வைத்து
விளிம்பில் மணல் அணைத்தேன்.

மறுநாள் விடியலில் போட்டெல்லாம் வந்தது,
அவன் போட்டு வரவில்லை.
காற்று என்றார்கள். வலை சிக்கியிருக்கும் என்றார்கள்.
டோக்கன் ஆபீஸ் வாசலில்
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
வீட்டுக்கு வந்தால் ஜெனிட்டா கத்தியோடு நிற்கிறாள்.
அப்பா வரட்டும் என்று
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
சுருளைக் காட்டினேன்:
"இது காயட்டும்."

அன்று ராத்திரி இரண்டு தடவை
டார்ச் அடித்துப் பார்த்தேன்,
சுருளை.

அடுத்த நாள் தொட்டதும் ஒடிந்தது.
மரியபுஷ்பம் கடற்கரையிலிருந்து
"வந்துருச்சு, கயிறு கட்டி இழுத்துட்டு வர்றாக" என்று ஓடிவந்தாள்.
இரண்டில் எது முந்தி, எது பிந்தி,
கேட்டால் எனக்குத் தெரியாது.

கத்தி முனைதான் பட்டது.
மிச்ச தூரத்தைப் பழமே பிளந்துகொண்டு ஓடியது.

டீசல் கையோடு உள்ளே வந்தவன்
ஒரு வார்த்தை பேசவில்லை.
சிவந்து கிடந்த பாதியை எடுத்து
காதோரம் வைத்துத்
தட்டிப் பார்த்தான்.