டெமரேஜ்

தாள் தமிழில்தான் இருந்தது.
யாரோ கவனமாக மொழிபெயர்த்திருந்தார்கள்.
'கடந்த வாரத்தில் உங்கள் வருத்தம் எவ்வளவு?'
பக்கத்தில் ஒரு வெப்பமானி,
கீழே பூச்சியம், மேலே பத்து.

எங்கட ஆட்களுக்கு வருத்தமென்றால் நோய்.
காய்ச்சல் வருத்தம், சீனி வருத்தம்.
'அந்த வருத்தமோ?' என்று
பெயர் சொல்லாமல் கேட்பதும் இதைத்தான்.
தாள் கேட்டது மற்றதை.
அல்லது இரண்டையுமோ.
மகரகமவில், கால் ஆடும் ஒரு வாங்கில்
பேனையோடு இருந்தேன்.

அருள்நேசன் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்.
நாலு என்று போட்டேன்.
"பரவாயில்லையே" என்றார்.

இருபத்தொரு வருஷம்
துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கொம்பனியில் கிளார்க்.
எண்ணில் பொய் எழுதியதில்லை நான்.
பெட்டி, எடை, தீர்வை.
ஒரு கிலோ பிசகினாலும் சுங்கத்தில் திருப்பி அனுப்புவான்.
இலவச நாட்கள் முடிந்தால் டெமரேஜ்.
உள்ளே வெங்காயம் அழுகுகிறதா என்று
எவனும் கேட்க மாட்டான்,
நாளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு.

ஈரலுக்கு வந்துவிட்டது, எலும்புக்கும்.
மாசியிலேயே டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
சிங்களத்தில் அவரிடம் சொன்னார்.
எனக்கு அவரைவிடச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதை
இரண்டு பேரும் மறந்திருந்தார்கள்.

நூற்றுப்பன்னிரண்டில் திரும்பி வரும்போது
பொரளையில் ஒருத்தி ஏறினாள்,
கையில் சுருட்டிய அடுத்த வருஷக் கலண்டர்.
அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது.
சத்தியமாக. முன்பின் தெரியாத பெண்.
இதற்கு எந்தக் கோட்டில் புள்ளடி?

வீட்டில் எல்லாரும் மெல்லக் கதைக்கிறார்கள்.
பிலோமினாக்கா அன்னமுன்னா இலை அவித்துக் கொண்டுவந்து
"நம்பிக் குடி, தைரியம்தான் மருந்து" என்கிறா.
குடிக்காமல் செத்தால் என் பிழையாகிவிடும்.
டெறிக் என்னோடு சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டான்.
ஈரத் துவாயைக் கட்டிலில் எறிகிறவன்
இப்போது மடித்துப் போடுகிறான்.
அந்தத் துவாயைப் பார்த்தால்தான் அழுகை வருகிறது.

சாவுக்குப் பயமா என்றால், பகலில் இல்லை.
பகலில் மீன் விலை இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது,
வாந்தி இருக்கிறது.
விடிய மூன்று மணிக்கு
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதும்.
கொட்டாஞ்சேனை நாய்கள் பதில் சொல்லும்.
அப்போது கொண்டுவாருங்கள் உங்கள் தாளை.

நேற்றும் ஊதியது.
பக்கத்தில் அருள்நேசனின் மூச்சு
அளவுக்கு மிஞ்சி ஒழுங்காயிருந்தது.
இந்த மனிசனின் குறட்டைக்குள் இத்தனை வருஷம் கிடந்தவள் நான்.
நித்திரைக்காரன் இப்படி மூச்சு விட மாட்டான்.

இவருக்கு யார் தாள் கொடுத்தார்கள்?

"எத்தனை?" என்றேன் இருட்டுக்குள்.
கனநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, எது எத்தனை என்று கேட்காமலே
"ஒன்பது" என்றார்.
"நான் நாலு போட்டது பொய்."
"தெரியும்."

எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார்.
வழமைபோலச் சாயம் குறைவு, சீனி கூட.
வாய் முழுக்கப் புண், என்றாலும் தெரிந்தது.
சொன்னேன். ஏசியே சொன்னேன்,
மாசிக்குப் பிறகு முதற்தரமாக.
"நாளைக்குச் சரியாப் போடுறன்" என்றார்.

நாளைக்கு என்று சொல்லிவிட்டு
என் முகத்தைப் பார்த்தார்.