நடுவே ஒரு வெறும் கம்பி

பாடப்புத்தகம் அவற்றுக்கு வைத்த பெயர்
அக்ரஸர், விக்டிம்.
அடுத்தடுத்து ஓடும் இரண்டு கம்பிகள், அவ்வளவுதான்.
ஒன்று துள்ளினால் மற்றது
தொடாமலே விதிர்விதிர்க்கும்.
முதல்முறை படித்தபோது
ஆர்.கே. நகர் ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர். மாதிரி
இருக்கிறதே என்று சிரித்தேன்.

நான்கு மாதம் கழித்து
ஃபேபிலிருந்து திரும்பி வந்த சிப்
ஆறு கிகாபிட் வரை ஒழுங்காகப் பேசியது.
எட்டில் கண்ணை மூடிக்கொண்டது.
கண் என்பது
ஆஸிலாஸ்கோப் திரையில்
லட்சம் பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போட்டால்
நடுவில் மிஞ்சுகிற இருட்டு.
அது திறந்திருந்தால் சம்பளம்.
மூடினால் மீட்டிங்.

ராத்திரி பதினொன்றுக்குக்
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கிறது.
சரக்கு ரயில். எண்ணினேன், ஐம்பத்தெட்டுப் பெட்டி.
ஸ்கூட்டிக்கு முன்னால் மீன்பாடி வண்டி,
பின்னால் ஹார்ன்.
கேட் தூக்கியதும் யார் முதலில் என்பதற்கு
எந்தப் புத்தகத்திலும் புரோட்டோகால் இல்லை.

ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி,
ஒற்றைச் செங்கல் சுவர்.
அந்தப் பக்கம் எஸ்தர் ராணி இருமினால்
இந்தப் பக்கம் நான்
தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.

லேஅவுட்டைத் திறந்தேன்.
கிளாக்கும் ஏழாம் டேட்டா லைனும்
இரண்டு மில்லிமீட்டர் தூரம்
தோளோடு தோள் உரசிப் போகின்றன.
இடம் மிச்சம் பிடிக்க நானே போட்டது.
தேதிகூட இருக்கிறது.

வழி தெரியும்.
நடுவே ஒரு வெறும் கம்பி.
சேதி எதையும் சுமக்காது,
இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் வாங்கித்
தரையில் இறக்கும்.
மைக்ரானுக்குக் கணக்குக் கேட்கும் ஜாபருல்லா
"சும்மா நிக்கறதுக்கு இவ்ளோ இடமா?" என்பார்.
"சும்மா நிக்கறது ஈஸி இல்ல சார்."
பதிலை ஒத்திகை பார்த்தபடி
தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் தொட்டேன்.

முழங்கை வரை ஷாக்.

காலையில் கபிரியேல் வந்து போர்டைக் கழற்றினார்.
மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை.
"எர்த்து எங்க மேடம்?"
பதினோரு வருஷமாய்த்
துளை மட்டும் இருந்திருக்கிறது.
தினமும் பத்து மணி நேரம்
கிரவுண்டைப் பற்றியே யோசிப்பவள் வீட்டில்.

கீழே, மாடிப்படி ஓரம் குழி தோண்டினார்.
பைப்பை இறக்கினார், கரி போட்டார்.
உப்புப் பாக்கெட்டைப் பிரிக்குமுன்
மண்ணை விரலில் எடுத்து
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"நம்ம மண்ணுக்கு இது வேறயா?"
ஆனாலும் கொட்டினார்.

டெஸ்டரை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.
எரியவில்லை.
எரியாத அந்தச் சின்ன விளக்கைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்க நினைத்தவள்
வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் மெட்டலில் கம்பியை வரைந்தேன்.
தரையோடு சேரப்
பத்து மைக்ரானுக்கு ஒரு வயா குத்தினேன்.
ஒரு முனையில் மட்டும் கட்டினால்
அதுவும் சேர்ந்து ஆடும்.

சிமுலேஷன் ஓடுகிறது,
நாற்பது சதவீதம்.
எஸ்தர் இருமினாள்.
செருமினேன்.