நூற்று நாற்பத்தொரு தகடுகள்

ஆறு மாதம் என்னை ஒழுங்கில் வைத்திருக்கிறார்கள்.
கடைசி பெஞ்சு. மாண்டலின் தொடக் கூடாது,
சாட்சி சொல்லக் கூடாது.
அப்பமும் திராட்சரசமும் என் முழங்காலைத் தாண்டி
அடுத்தவர் கைக்குப் போகும்.

குற்றம் இதுதான்: எண்ணினேன்.

கானாங்கெளுத்தி அடைக்கும் ஆலையில்
இருபத்திரண்டு வருடமாக டின் எண்ணுகிறவள் நான்.
பெல்ட்டில் ஓடும்போதே
நசுங்கியது எதுவென்று கண் சொல்லிவிடும்.

கடல் ஊருக்குள் வந்துபோன வருடம்
தல்காவானோவின் தெருக்களில்
படகுகள் குறுக்கே கிடந்தன.
சபைக்குக் கூரை இல்லை.
நனைந்துகொண்டே மூன்று முறை
தேவனுக்கு மகிமை என்று கத்தினோம்.
பணம் வந்தது. வெளிநாட்டிலிருந்து கொஞ்சம்,
எங்கள் சம்பளக் கவர்களிலிருந்து நிறைய.
போதகர் ரிக்கெல்மே ரசீதை வாசித்தார்:
துத்தநாகத் தகடு, இருநூற்றுப் பன்னிரண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏணி வைத்து ஏறினேன்.
பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு,
கடற்காற்று தலைமயிரைப் பிய்க்க,
வரிசை வரிசையாக எண்ணினேன். இரண்டு தடவை.

நூற்று நாற்பத்தொன்று.

மூப்பர் கூட்டத்தில் சொன்னேன்.
ஒருவரும் எண்ணைப் பற்றிப் பேசவில்லை.
பெண்பிள்ளை கூரையேறியதைப் பற்றிப் பேசினார்கள்.
பாவாடையைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள்.
அபிஷேகம் பெற்றவரிடமா கணக்குக் கேட்பது
என்றார் மூப்பர் நிபால்டோ.
அவர் வீட்டுக் கோழிக்கூடு மின்னுகிறது.
அதை நான் எண்ணப் போகவில்லை.

போதகர் கெட்டவர் என்றால் எளிது.
என் தம்பி நுரையீரல் அழுகிச் செத்தபோது
நான்கு இரவு தரையில் படுத்துக் கிடந்தார்,
சளிக் கிண்ணத்தைத் தன் கையால் கழுவினார்.
போன வாரம்கூட என்னை ஓரமாக அழைத்து,
"தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொல்,
ஞாயிறே மாண்டலினை எடுத்துக்கொள்" என்றார்,
கெஞ்சுகிற மாதிரி.

"கீழே மெதடிஸ்ட் சபை இருக்கிறதே,
பஸ்கூட வேண்டாம்" என்கிறார் கணவர்.
"எந்தச் சபையும் வேண்டாம், தூங்கம்மா" என்கிறாள் யெஸ்னா.
இருவருக்கும் இது செருப்பு மாற்றுகிற காரியம்.

ஞாயிறு மாலை வாத்தியக் குழு மேட்டிலிருந்து இறங்குகிறது.
இரண்டாம் மாண்டலின் இல்லாமல் அந்தப் பாட்டு
ஒரு பல் விழுந்த வாய்.
சமையல் மேசை விளிம்பில் என் விரல்கள்
தாமாகவே அழுத்திக்கொண்டிருக்கின்றன.
உருளைக்கிழங்கு தீய்கிறது.

கடைசி பெஞ்சில் எனக்கு முன்பே ஒருத்தி உண்டு,
ஒர்த்தென்சியா. பதினோரு வருடம்.
நான் குடியும் வாந்தியுமாக இந்த வாசலில் விழுந்த இரவில்
தன் கோட்டைக் கழற்றி என்னைச் சுற்றியவள்.
அவளுடைய ஒழுங்கு எப்போதோ முடிந்துவிட்டது;
அவள்தான் முன்னே போகவில்லை.
"இங்கிருந்தால் கதவு தெரிகிறது" என்கிறாள்
மாண்டரின் உரித்துக்கொண்டே.
அது போவதற்கா, வருகிறவரைப் பார்ப்பதற்கா,
கேட்டால் ஒரு சுளையைக் கையில் வைக்கிறாள்.

ஜூன் மழை தொடங்கிவிட்டது.
ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டிய தகடுகளை
இழுத்து இழுத்துப் பரப்பியிருக்கிறார்கள்.
எழுபத்தொன்று இல்லாத இடம்
சரியாக எங்கள் பெஞ்சுக்கு மேலே.

இன்று ஆலையிலிருந்து ஒரு காலி டின் கொண்டுபோனேன்,
ஐந்து கிலோ டின்.
பிரசங்கம் தொடங்கியதும்
காலடியில் வைத்தேன்.

டங்.

போதகர் குரலை உயர்த்தினார்.
டங்.
நிபால்டோ திரும்பிப் பார்த்தார்.
டங். முன்வரிசைச் சிறுவன் ஒருவன்
உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினான்.
அவன் அம்மா தொடையில் கிள்ளினாள்.
அவன் நிறுத்தவில்லை.

கடைசி ஜெபத்துக்கு முன்பே எழுந்துவிட்டேன்.
அடுத்த ஞாயிறு வருவேனா, தெரியாது.
கோட்டுப் பையில் சபைச் சாவி இருக்கிறது,
கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.
படியிறங்கும்போது ஒர்த்தென்சியா
பின்னாலிருந்து கூப்பிட்டாள்:

"எதெல்மீரா, டின் நிரம்பினால்
யார் கொட்டுவது?"