பதினேழாவது வளைவு

மூன்றாம் ஞாயிறு பயிற்சி.
இன்று செத்ததை மட்டும் எண்ணுங்கள் என்றாள் பிலோமினா.

அடிவாரத்திலிருந்து
ஏற்காடு சாலையில் ஓரமாக நடந்தோம்.
ராத்திரி மழை.
அடிஸ்கேல் வைத்து அளந்தேன்:
தேரை, ஏழு செமீ, தோசைபோல்.
இன்னொன்று.
பச்சோந்திக்கு நிறம் என்ற கட்டத்தில்
என்ன எழுத?
எதன்மேல் நின்று செத்ததோ
அது தார்.

காரணம்: வாகனம்.
நேரம்: நேற்றிரவு பத்துக்குமேல் இருக்கலாம்.

பத்தேகாலுக்கு
இதே வளைவில்
காப்பி மூட்டையோடு இறங்கினேன்.
சில்வர் ஓக் இலைகள் ஒட்டிய கண்ணாடி,
வைப்பர் கீச்சிட்டது,
டயரில் ஒன்றும் தட்டவில்லை.
தட்டாதாம், இவ்வளவு சின்னதெல்லாம்.

பதிவு செய்தவர் என்ற இடத்தில்
பெயரெழுதி
பக்கத்தில், யாரும் கேட்காமலே,
வண்டி எண்ணையும் எழுதினேன்.
பிலோமினா படித்தாள்.
அடிக்கவில்லை.

கீழே ஹாரன்.
பால் வண்டி ஏறி வருகிறது.