அறுபது சொட்டு

ஹோண்டுராஸ் மலைமேல் ஊர்த்தொட்டி.
நிமிடத்துக்கு அறுபது சொட்டு குளோரின்,
எலெயுத்தேரியோ
கைக்கடிகாரம் பார்த்து எண்ணி வைத்தது.

கீழே எர்மெலிந்தா
கோப்பையைத் தள்ளிவைத்தாள்:
"இது காப்பியா,
ஆஸ்பத்திரித் தரை கழுவிய தண்ணியா?"

தண்ணீர்க் குழு கூடியது.
குழாய் பதிக்க நாற்பது நாள்
பாறை உடைத்த கைகள்தாம் எல்லாம்.
உயர்ந்தன.
முப்பத்தொன்றுக்கு இருபத்தேழு.
சொட்டு நின்றது.

மறுநாள் காப்பி மணத்தது.
அதற்கு மறுநாளும்.

பிறகு மழை.
மாட்டுப் புல்வெளியைக் கழுவிக்கொண்டு
ஊற்றில் இறங்கியது.
பதினோரு வீட்டில் வயிற்றுப்போக்கு.
எர்மெலிந்தாவின் கடைக்குட்டி
மூன்று நாள் கண் திறக்கவில்லை.

தோற்ற இருபத்தேழு பேரில்
ஒருவர் மட்டும்
'அன்றே சொன்னேனே' என்றார்.
அவர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.
மறுகூட்டம் கேட்கவும்
ஒருவருக்கும் வாய் வரவில்லை.

விடியுமுன் எலெயுத்தேரியோ மேலேறினான்.
தொட்டி மூடிமேல் டார்ச் வெளிச்சம்.
வால்வைத் திருகிக்கொண்டே
அவள் திரும்பாமல் கேட்டாள்:
"அறுபதுதானே?
நாற்பத்திரண்டில் எண்ணிக்கை தப்பிவிட்டது."

இருவரும் முதலிலிருந்து எண்ணினார்கள்.

இறங்கும் வழியில் சொன்னாள்:
"நாற்றம் நாற்றம்தான்.
அதில் நான் மாறவில்லை.
சர்க்கரை
கொஞ்சம் கூடப் போட்டுக்கொள்கிறேன்."